காசிமேட்டு விடியலுக்கு எந்த ஃபிலிம்?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 எம்எம் எஃப்/2 லென்ஸோடு பீரோவில் கிடைத்திருக்கிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலம், வீட்டில் ஆயா, ராத்திரி தெருவில் கேரம் ஆடுபவர்கள், திருவொற்றியூர் கோயில் என்று எடுக்க ஆசை. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிலிம் வேண்டுமா, ஒன்றே போதுமா என்பதுதான் கேள்வி.

ஒன்றே போதும், தம்பி. முதல் பத்து ரோலுக்கு 400 வேகமுள்ள நெகட்டிவ் ஃபிலிம் ஒன்றை மட்டும் வாங்குங்கள். வேகம் என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாக வாங்கும் என்பதன் எண், எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சம் போதும். கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ். கலர் என்றால், கையில் காசு இருந்தால் போர்ட்ரா 400, இல்லையென்றால் அல்ட்ராமேக்ஸ் 400. இத்தனையில் ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் எச்பி5 என்பேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த ஃபிலிமை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது முகத்துக்கு, இது இயற்கைக் காட்சிக்கு என்று ஃபிலிமைப் பிரித்துச் சொல்வது வழக்கம். நம்ம பக்கம் அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. இங்கே ஒரே நடையில் வெளிச்சம் தலைகீழாக மாறிவிடும். காசிமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை நாலு மணிக்கு விளக்கு வெளிச்சம் மட்டும்தான். 400 ஃபிலிமில் லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/2, ஷட்டர் 1/60 நொடி வைத்தால் விளக்கடியில் நிற்பவர் முகம் கிடைக்கும். ஆறு மணி சுமாருக்குக் கடலிலிருந்து சூரியன் கிளம்பும். எட்டரைக்கெல்லாம் அதே ஃபிலிம் எஃப்/16, 1/500 கேட்கும். இடையில் ஒன்பது ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு என்பதால், நாலரை மணி நேரத்தில் வெளிச்சம் 512 மடங்கு ஏறியிருக்கிறது.

இப்போது 100 ஃபிலிம் போட்டிருந்தால் நாலு மணிக்கு 1/15-இல் எடுக்க வேண்டியிருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் வெறும் கோடாகத்தான் வருவார். 3200 ஃபிலிம் போட்டிருந்தால் எட்டரை மணி வெயிலில் உங்கள் லென்ஸை எஃப்/22 வரை மூடி, ஷட்டரை 1/1000-இல் வைத்தாலும் ஒரு ஸ்டாப் அதிகமாகவே விழும். 400-இல்தான் இரண்டு முனையும் கேமராவின் எல்லைக்குள் அடங்குகிறது. ரோல் நடுவில் ஃபிலிம் மாற்ற முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வேகம் பாதிக் கணக்குதான். இன்னொரு பாதி, ஒரே படத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம். நம்ம கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எதிரே வருகிற எல்லோர் முகமும் நிழலில் இருக்கும், பின்னால் வானம் கொதிக்கும். அப்புறம் ஐஸ், அலுமினியக் கூடை, வெள்ளை பனியன், மீன் செதில் எல்லாம் பளீரென்று அடிக்கும். நம்ம ஆட்கள் முகம் மாநிறம், கறுப்பு. இந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) தாங்குகிற ஃபிலிம் வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஸ்லைடு ரோலில், அதாவது நெகட்டிவ் இல்லாமல் ஃபிலிமே நேராகப் படமாக வருகிற வகை. வானத்தின் ஆரஞ்சு நிறத்துக்கு ஆசைப்பட்டு ஸ்லைடு போட்டுக்கொண்டு போனேன். தரையில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எடுத்தேன். டெவலப் ஆகி வந்ததும் விளக்குப் பெட்டியில் வைத்து லூப் என்கிற பூதக்கண்ணாடியில் பார்த்தால், தட்டிலிருந்த சங்கரா மீனின் செதில் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிந்தது. அந்த அம்மாவின் முகம் இருந்த இடத்தில் கறுப்புதான் இருந்தது. மூக்குத்தி மட்டும் ஒரு புள்ளியாக மின்னியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது, ஃபிலிமில் இல்லை. ஸ்லைடில் அளவு அரை ஸ்டாப் பிசகினாலே தெரியும். நெகட்டிவ் அப்படியில்லை, இரண்டு மூன்று ஸ்டாப் அதிகமாக விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும். குறைவாக விழுந்தால்தான் தாங்காது. ஒளி படாத நிழலில் பிற்பாடு தேடி எடுக்க எதுவுமே இருக்காது.

அதனால்தான் 400 ஃபிலிமைப் போட்டுவிட்டு, கேமராவில் ஃபிலிம் வேகம் வைக்கிற டயலை 200-இல் வையுங்கள் என்று சொல்வேன். எல்லா நிழலுக்கும் ஒரு ஸ்டாப் கூடுதலாகப் போகும். முகத்துக்கு அளவெடுக்க இன்னொரு எளிய வழி உண்டு. எடுக்கப்போகிற ஆள் மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைப் பிடித்து, கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரைப் பாருங்கள். நம்ம எல்லோருக்கும் உள்ளங்கை வெளுப்புதான். மீட்டர் எதிர்பார்க்கிற நடுத்தரச் சாம்பல் நிறத்தைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் பளிச்சென்று இருக்கும். டயல் 400-இல் இருந்தால் அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். 200-இல் வைத்திருந்தால் அந்த அளவை அப்படியே வைத்து எடுக்கலாம். கே1000-இன் மீட்டர் சட்டம் முழுவதையும் பார்த்துச் சராசரி எடுப்பது. பின்னால் வானம் இருந்தால் கட்டாயம் ஏமாந்துபோகும். உள்ளங்கையை நம்புங்கள்.

இதில் நிறத்தின் கதையும் இருக்கிறது. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக லேப்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தத் தோல் நிறம் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை முகம் செம்மண் மாதிரியோ சாம்பல் பூத்த மாதிரியோ இருப்பதற்கு இந்த அளவுகோலும் ஒரு காரணம். இன்றைய போர்ட்ரா மாதிரி ஃபிலிம்கள் கறுத்த தோலை நன்றாகவே வாங்குகின்றன. ஆனால் ஸ்கேன் செய்யும்போது முகத்தை வெளுக்க வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. லேபில் கொடுக்கும்போதே, ‘முகத்தை பிரைட் பண்ணாதீங்க, உள்ளதை உள்ளபடி குடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ஆயாவை வீட்டிலேயே எடுங்கள். ஸ்டூடியோ மாதிரி எதுவும் வேண்டாம். கல்மண்டபம் பக்கத்து வீடுகளில் வாசலை ஒட்டிய அறையில் காலை பத்து மணிக்கு வருகிற வெளிச்சம் அருமையாக இருக்கும். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற மெத்தென்ற வெளிச்சம். ஆயாவை வாசலிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். 400 ஃபிலிமில் எஃப்/2.8, 1/125 சுமாராக வரும், ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்க 1/60. கலர் என்றால் இங்கே போர்ட்ரா 400 கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். புடவை நிறம், நெற்றியின் சுருக்கம், காதில் பாம்படமோ கம்மலோ, எல்லாம் ஒன்றையொன்று அமுக்காமல் வரும். கோடாக் எக்டார் 100 மட்டும் வேண்டாம். கிரெயின், அதாவது படத்தில் தெரிகிற பொடித் துகள், மிக நுண்மையானதுதான், ஆனால் சிவப்பைத் தூக்கிக் காட்டும் ஃபிலிம் அது. நம்ம தோலில் செங்கல் சாயல் ஏறிவிடும்.

அந்தச் செங்கல் சாயல் எங்கே வேண்டுமோ அங்கே எக்டாரைப் போடுங்கள். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. அந்தச் சிவப்பும் வெள்ளைத் தூண்களும் எக்டாருக்கென்றே கட்டின மாதிரி. அதேபோல் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். நீலமும் பச்சையும் சிவப்புமாகப் படகுகள் வரிசையாக நிற்கிற அந்த இரண்டு மாதத்தில் 100 அல்லது 200 வேக ஃபிலிம் தாராளமாகப் போதும். கோடாக் கோல்டு 200-க்கு இதைவிடப் பொருத்தமான வெயில் கிடையாது. ஆனால் பத்திலிருந்து மூன்று மணி வரை வேண்டாம். சூரியன் உச்சியில் நின்றால் கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். அப்போது படகின் நிழலுக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர்களை எடுங்கள்.

எண்ணூர் வேறு விஷயம். முகத்துவாரத்திலிருந்து புகைபோக்கிகளை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தை இருட்டாக்கப் பார்ப்பார்கள். ஃபில்டர் இருட்டாக்குவது நீலத்தைத்தான். எண்ணூரில் பாதி நாள் வானம் வெள்ளையாகத்தான் இருக்கும், அங்கே சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் தராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போங்கள். வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒரு ஆரஞ்சு ஃபில்டர், எஃப்பி4 பிளஸ் மாதிரி 125 வேக ஃபிலிம், கூடவே முக்காலி. கொசஸ்தலை ஆற்றில் இறங்கி இறால் பிடிப்பவர்களும் அந்தச் சட்டத்தில் வருவார்கள் என்றால் மறுபடியும் எச்பி5.

ராத்திரி கேரம். விளக்கு போர்டுக்கு மேலே தொங்கும். பவுடர் தூவிய பலகை பளபளக்கும். விரல்கள் நன்றாகத் தெரியும், சுற்றி நிற்கிற முகங்களெல்லாம் அரை இருட்டு. இங்கே டயலை 1600-இல் வைத்து எச்பி5-இல் எடுத்து, டெவலப் செய்யும்போது நேரத்தைக் கூட்ட வேண்டும். புஷ் என்பது இதுதான். டி-76 மருந்தில் 20 டிகிரியில் வழக்கமாக ஏழரை நிமிடம் என்றால் 1600-க்கு ஐந்தாறு நிமிடம் கூடுதலாக வேண்டும். ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: புஷ் செய்வதால் ஃபிலிமின் வேகம் உண்மையில் ஏறிவிடுவதில்லை. வெளிச்சம் பட்ட இடம் இன்னும் தூக்கலாகும், படாத நிழல் படாததுதான். கான்ட்ராஸ்ட் கூடும், கிரெயின் கூடும். கேரம் போர்டைச் சுற்றியிருக்கும் அந்த இருட்டு அப்படியே இருட்டாக விழுவது எனக்குப் பிடிக்கும். அந்த விளையாட்டின் அழகே அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் முழு ரோலையும் 1600-இல்தான் எடுக்க வேண்டும். பாதி 400, பாதி 1600 என்று எடுத்தால் ஒரே டப்பாவில் டெவலப் செய்ய முடியாது. வியாசர்பாடிப் பக்கம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு உங்களை உள்ளே விட்டால் அங்கேயும் இதே 1600-தான். அடி பதியும் கணத்தைப் பிடிக்க 1/250-ஆவது வேண்டும்.

இரவுத் தெருவை கலரில் எடுப்பதுதான் சிக்கல். பழைய டியூப் லைட் பச்சையாக விழும், எல்இடி ஒரு மாதிரி நீலமாக விழும், டீக்கடை குண்டு பல்பு மஞ்சளாக விழும். மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த ஃபிலிமாலும் சமாளிக்க முடியாது. கறுப்பு வெள்ளையில் இந்தப் பிரச்சினையே இல்லை, அதனால்தான் முதலில் எச்பி5 என்றேன். கலர் வேண்டும் என்றால் சினிஸ்டில் 800டி. அது சினிமா எடுக்கப் பயன்படும் கோடாக் விஷன்3 500டி-யின் பின்பக்கக் கரிப்பூச்சை நீக்கி வந்த ஃபிலிம். குண்டு பல்பு வெளிச்சத்துக்காகச் செய்தது. பல்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும், அது அந்தப் பூச்சு இல்லாததால். மிண்ட் தெருவில் இனிப்புக் கடை வாசலில் அந்த வளையம் அழகு. ஆனால் எல்லாப் படத்திலும் அது இருந்தால் அலுத்துப்போகும். யாராவது சினிமா ஃபிலிமைச் சுருட்டி மலிவாக விற்றால், பின்பக்கம் கரிப்பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சோடு உள்ளதை வழக்கமான சி-41 (சாதாரண கலர் நெகட்டிவ் டெவலப் செய்யும் முறை) லேபில் கொடுத்தால் கரி கரைந்து அவர்கள் மருந்தையே கெடுத்துவிடும். சொல்லாமல் கொடுப்பது தப்பு.

திருவொற்றியூர் கோயிலில் கருவறைப் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம். வெளிப் பிரகாரம், மண்டபம் என்றாலும் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் கழற்றுவார்கள். அன்றைக்கு வரிசையில் நிற்கிற முகங்களே போதும். அகல் விளக்கு வெளிச்சத்தில் 1600 ஃபிலிம், எஃப்/2, 1/30 கிடைக்கும். தூணில் சாய்ந்துகொண்டு மூச்சைப் பிடித்து அழுத்துங்கள். இந்த ஒரு இடத்துக்கு இல்ஃபோர்டு டெல்டா 3200 வாங்கலாம். பெட்டியில் 3200 என்றிருந்தாலும் அதன் உண்மையான வேகம் 1000 சுமார்தான். 1600-இல் எடுத்தால் நிழல் நன்றாக வரும்.

ஃபிலிமை எவ்வளவு யோசித்து வாங்கினாலும் நம்ம ஊர் சூட்டிலும் ஈரத்திலும் கெடுத்துவிட முடியும். என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கிழக்கு ஜெர்மனி ஓர்வோவும் ஊட்டியில் செய்த இந்துவும்தான் அப்போது கையில் கிடைத்த ஃபிலிம். ஓர்வோ என்பி 22 என்றால் 125 வேகம், என்பி 27 என்றால் 400. மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் டப்பாவை வைப்பார். இப்போது நமக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஆனால் எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் உறையைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிலிம் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். ஏசி அறையிலிருந்து நேராகக் காசிமேட்டுக்குப் போனால் லென்ஸும் பனித்துவிடும். கேமராவை முந்தின நாள் ராத்திரியே ஏசி இல்லாத இடத்தில் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வீட்டில் டெவலப் செய்தால் தண்ணீரைக் கவனியுங்கள். மொட்டை மாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீர் சாதாரணமாகவே 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் டெவலப் நேரம் மூன்று நிமிடத்துக்கு வந்துவிடும், ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் திட்டுத் திட்டாக விழும். காலை ஐந்து மணிக்கு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டு மருந்து பாட்டில்கள் எல்லாவற்றையும் அதில் நிற்க வையுங்கள். 20-க்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் பரவாயில்லை, 24-இல் நிறுத்தி, டி-76-ஐச் சமபங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். எச்பி5-க்கு ஏழு நிமிடத்தைத் தாண்டும், அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் அலசினால் உப்பு காய்ந்து வெள்ளைப் புள்ளி நிற்கும்.

துறைமுக வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் இடத்திலும் முதல் நாள் சும்மா நின்று பேசிவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீன் வாங்க வருகிற கூட்டத்தில் கையைத் தூக்கவே இடம் இருக்காது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் நாலு மணிக்குப் போங்கள். ஒரு ரோல் எச்பி5, டயல் 200. விளக்கடியில் மட்டும் 400-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், அந்த ஒரு ஸ்டாப்பை நெகட்டிவ் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் மணியையும் அளவையும் ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள். நன்றாக வந்ததில் இரண்டு மூன்றைப் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர்களிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த தடவை விளக்குக்குப் பக்கத்தில் நிற்க அவர்களே உங்களுக்கு இடம் விடுவார்கள்.